செயற்கை நுண்ணறிவும் சேவைக்கோவையும் – ஒரு நோக்கு

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கக்கூடும். தரம் என்னும் சொல்லுக்குப் பொருள் காண்பது மொழி கற்றோரின் பணி. அச்சொல்லை எண்ணாக மாற்றி, அவ்வெண்ணைக் கொண்டு நாள்தோறும் கோடிக்கணக்கான முடிவுகளை எடுத்துக்கொண்டிருப்பது இன்று கணிப்பொறி. அம்முடிவுகள் கடைத்தெருவிலும் வங்கியிலும் மருத்துவமனை வாயிலிலும் நம்மை வந்து தொடுகின்றன. ஆதலின் இப்பொருளைப் பொறியியல் துறையினர்க்கே உரியதென்று ஒதுக்கிவிட நாம் உடன்படவில்லை.

வலைச் சேவை என்பது யாது? ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறிக்கு இணையத்தின் வழியே ஆற்றிக்கொடுக்கும் சிறு வேலையே வலைச் சேவையாகும். நாம் கண்ணால் கண்டு படிக்கும் வலைப்பக்கம் வேறு, இது வேறு. இங்கே கேட்பதும் கணிப்பொறி, விடையிறுப்பதும் கணிப்பொறி. இத்தகைய சிறு வேலைகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒருசேரவும் கோத்துப் பெருவேலை ஒன்றை முடித்தலைச் 'சேவைக்கோவை' என்னும் சொல்லால் இக்கட்டுரையில் குறிக்கிறோம். பல தோட்டத்துப் பூக்களை ஒரே நாரில் தொடுக்கும் பூக்காரரின் தொழிலை ஒத்தது இது.

நம் அனைவர்க்கும் பழகிப்போன எடுத்துக்காட்டு யு.பி.ஐ. என்னும் பணப்பரிமாற்ற முறை. 2016 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற இம்முறையில், மளிகைக் கடையின் கியூ.ஆர். அட்டையைக் கைப்பேசியிற் காட்டி ஐம்பது ரூபாய் செலுத்துகிறோம். கைப்பேசிச் செயலி, அச்செயலிக்குத் துணைநிற்கும் வங்கி, நடுவே இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், செலுத்துவோரின் வங்கி, பெறுவோரின் வங்கி எனக் கண்ணிகள் பல சில நொடிகளுக்குள் ஒன்றோடொன்று உரையாடி முடித்தாலன்றிக் கடைக்காரரின் ஒலிபெட்டி வாய் திறவாது. ஒரு கண்ணி மௌனமானாலும் பணம் நடுவழியில் நிற்கும். கடைக்காரர் வரவில்லை என்பார். நம் கணக்கிலோ பணம் கழிந்திருக்கும். அந்நேரத்தில் யாரைக் கேட்பது? இக்கேள்வியை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கு மீளுவோம்.

யு.பி.ஐ.யில் கோவையின் வடிவம் முன்னமே மனிதரால் வகுக்கப்பட்டது. எந்த வங்கி எவ்விடத்தில் நிற்பது என்பது மட்டுமே மாறும். செயற்கை நுண்ணறிவு நுழையுமிடத்திலோ எந்தெந்தச் சேவையை எடுப்பது, எவ்வரிசையில் கோப்பது என்பதனையும் இயந்திரமே அவ்வப்போது முடிவு செய்கிறது. இக்கனவு புதிதன்று. கணிப்பொறிகள் தம்முள் பேசுதற்குரிய 'சோப்' என்னும் நெறியும், ஒவ்வொரு சேவையும் தான் செய்வது இன்னதென்று எழுதிவைக்கும் விளக்க மொழியும் 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அதனை அடுத்தே, நோக்கத்தை மட்டும் மனிதர் கூறினால் வழியை இயந்திரம் தானே வகுத்துக்கொள்ளும் திட்டமிடல் முறைகளைச் செயற்கை நுண்ணறிவு அறிஞர்கள் இத்துறைக்குக் கொணர்ந்தனர். ஒரே வேலையைச் செய்யும் சேவைகள் பல இருப்பின் அவற்றுள் எதனைத் தேர்வது என்னும் வினா அப்போதுதான் எழுந்தது. தரம் என்னும் சொல் இத்துறைக்குள் வந்தது அவ்வாறே.

2004ஆம் ஆண்டு லியாங்சாவோ செங், பூவாலம் பெனதல்லா முதலிய அறிஞர்கள் ஐ.இ.இ.இ. மென்பொருட் பொறியியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அவர்கள் தரத்தை ஐந்தாகப் பகுத்தனர்: விலை, எடுத்துக்கொள்ளும் நேரம், பயன்படுத்தியோர் தந்த மதிப்பால் அமையும் நற்பெயர், வேலையை வெற்றியாக முடிக்கும் வீதம், வேண்டும்போது கிடைக்கும் தன்மை. இவ்வைந்தும் சேவை ஒவ்வொன்றுக்கும் உண்டு. ஆனால் கோவைக்கு அவற்றைக் கணக்கிடும் முறை ஒன்றற்கொன்று வேறுபடும்.

ஊரில் நடைபெறும் திருமண விருந்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சமையற்காரர், பந்தற்காரர், பாத்திரம் வாடகைக்குத் தருவோர், விளக்குப் போடுவோர் ஆகியோர்க்குரிய கூலி கூட்டற்கணக்கு. இறைச்சி வாங்குதல், சமைத்தல், பரிமாறுதல் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதால் அவற்றின் நேரமும் கூட்டற்கணக்கே. பந்தலும் சமையலும் ஒரே வேளையில் நடப்பதால் அங்கே கூட்டல் இல்லை. இரண்டனுள் எது பிந்துகிறதோ அதுவே நேரம். எல்லோரும் சொன்னபடி வந்து சேர்வரா என்பதோ பெருக்கற்கணக்கு. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை தவறாது வருவோர் ஐவரை அமர்த்தினால், ஐவரும் ஒருங்கே வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 95 அளவினதே. பதின்மராயின் 90 ஆகிவிடும். தனித்தனியே நோக்கின் குறைசொல்ல ஒருவரும் இலர். ஆயினும் பத்து விருந்துகளுள் ஒன்றில் யாரோ ஒருவர் வாராதொழிவர்.

ஒவ்வோரிடத்திலும் மிகச் சிறந்தவரையே தேர்ந்தால் முழுமையும் சிறந்ததாகிவிடாதோ எனின், ஆகாது. கையிலிருக்கும் பணத்துக்கு வரம்பு உண்டு. பந்தலுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுச் சமையலுக்குக் கையைப் பிசைவோரை நாம் கண்டதில்லையா? எனவே எல்லாக் கண்ணிகளையும் ஒருசேர நோக்கித் தேர்தல் வேண்டும். பத்து வேலைகள், வேலைக்குப் பத்துச் சேவைகள் என்றால் கோக்கத்தக்க கோவைகள் 1,000 கோடி. வேலைக்கு இருபது சேவைகள் என்றால் அத்தொகை பத்து லட்சம் கோடியையும் தாண்டும். மனிதரால் ஆவதன்று இது. ஆதலின் முழுஎண் திட்டமிடல் என்னும் கணித முறையைச் செங் குழுவினர் கையாண்டனர். 2005இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்தும் மாறியும் திருந்துவதைப் போலக் கோவைகளையும் கலக்கவும் மாறவும் விட்டுச் சிறந்தனவற்றைப் பொறுக்கும் மரபணுவழிக் கணிமுறையைப் புகுத்தினர். அதன்பின் எறும்பு, தேனீ முதலியவற்றின் போக்கைக் கண்டு புனைந்த முறைகளும் தொடர்ந்தன. இவற்றின் நுட்பம் வியக்கத்தக்கதே. அதனைக் குறைத்துக் கூறுவது நம் கருத்தன்று.

நாம் கேட்பது வேறு. விலைக்கு எத்தனை பங்கு, நேரத்துக்கு எத்தனை பங்கு, நம்பகத்துக்கு எத்தனை பங்கு? ஐந்து தரங்களையும் ஓர் எண்ணாகச் சுருக்க வேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்தே ஆக வேண்டும். அவ்வெடையைக் கணக்கு கண்டுபிடிப்பதில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் 'பயன்படுத்துவோர் தருவது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே செல்வர். நடைமுறையிலோ பயன்படுத்துவோர்க்கு அப்படி ஒன்று உண்டென்பதே தெரியாது. சேவையை விற்பவரே எடையையும் இடுகிறார். விலைக்கு மிகுந்த எடையிட்டால் மலிவான சேவைகள் கோக்கப்படும். அவற்றின் தவறுதலைத் தாங்குபவரோ எடையிட்டவர் அல்லர்.

'அல்காரிதம்' என்னும் சொல் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரினின்றும் பிறந்தது என்பது பலரும் அறிந்ததே. அவருடைய இயற்கணித நூலின் பிற்பகுதியில் பெரும்பங்கு மரணசாசனம், சொத்துப் பங்கீடு ஆகியவற்றின் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைப் பலர் அறியார். அங்கே யாருக்கு எத்தனை பங்கு என்பதைக் கணக்கு முடிவு செய்யவில்லை. அது முன்னரே வகுத்து யாவர்க்கும் அறிவிக்கப்பட்ட முறை. வாரிசுகளுள் எவரும் கேட்டு அறியலாம், பிழையென்று வழக்கும் உரைக்கலாம். கணக்கு அப்பங்குகளைப் பிழையின்றி நிறைவேற்றிக் கொடுத்தது. பங்கை வகுத்தல் ஒன்று, வகுத்ததைக் கணக்கிடுதல் மற்றொன்று என்னும் அத்தெளிவு இன்றைய சேவைக்கோவையில் மங்கிப்போயிற்று.

எடைக்கு அடுத்தது அளவு. ஒரு சேவையின் மறுமொழி நேரம் இன்னது என்று எழுதியிருக்கும் எண்ணை அளந்தவர் யார்? எங்கிருந்து அளந்தார்? ஆங்காங் சீனப் பல்கலைக்கழகத்தார் தொகுத்த தரவு ஒன்று இத்துறை ஆய்வுகளில் மிகுதியும் எடுத்தாளப்படுகிறது. 30 நாடுகளில் இருந்த 339 கணிப்பொறிகளினின்றும் 5,825 வலைச் சேவைகளை அழைத்துப் பார்த்து, ஏறத்தாழ 19 லட்சத்து 74 ஆயிரம் அளவுகளை அவர்கள் பதிந்தனர். பேருழைப்பு. அதனினும் பெரிது அதனால் வெளிப்பட்ட உண்மை: ஒரே சேவையின் மறுமொழி நேரம் கேட்பவர் நிற்குமிடத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடுகிறது. அண்மையில் உள்ளோர்க்கு நொடியின் சிறு பங்கில் கிடைப்பது தொலைவில் உள்ளோர்க்குப் பன்மடங்கு பிந்துகிறது. ஆகவே தரம் என்பது சேவையினிடத்தே கிடக்கும் குணம் அன்று. சேவைக்கும் கேட்பவர்க்கும் இடையே நிகழ்வது. இந்த 339 கணிப்பொறிகளும் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் நல்ல இணைப்போடு அமைந்தவை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், மழைநாளில், பழைய கைப்பேசியோடு நிற்பவர் அந்த அளவுகளுள் யாண்டு உள்ளார்? சராசரி என்னும் போர்வைக்குள் அவர் இல்லை. அவரை அளக்காமற் கோத்த கோவை அவர்க்குத் தரமுடையதாக அமைந்தால் அது தற்செயலே.

முன்னர்க் கூறிய பெருக்கற்கணக்கிலும் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஒருவர் வாராமைக்கும் மற்றவர் வாராமைக்கும் தொடர்பில்லை என்று கொண்டாலன்றி அக்கணக்கு பொருந்தாது. ஐவரும் ஒரே பேருந்தில் வருவோராயின்? பேருந்து பழுதானால் ஐவரும் வாரார். வெவ்வேறு பெயர் தாங்கிய சேவைகள் பல இன்று இரண்டு மூன்று பெருநிறுவனங்களின் கணிப்பொறிக் கூடங்களில் குடியிருக்கின்றன. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் அமெரிக்க வர்ஜீனியாக் கூடத்தில், பெயரைக் கொண்டு முகவரி காணும் அமைப்பில் ஏற்பட்ட ஒரு பிழையால், ஒன்றோடொன்று உறவில்லாதன போலத் தோன்றிய எண்ணற்ற சேவைகள் உலகெங்கும் ஒருங்கே நின்றன. அதற்கு முன் 2017 பிப்ரவரி 28 அன்று அதே வர்ஜீனியாவில் ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாகத் தட்டச்சிட்டதனால் சேமிப்புச் சேவை படுத்தபோது, சேவைகளின் நிலையை உலகுக்கு அறிவிக்கும் பலகையும் அச்சேமிப்பையே சார்ந்திருந்தமையால் தன் நிலையை மாற்றிக் காட்ட இயலாது நின்றது. தீயணைப்பு நிலையத்தின் மணி தீப்பற்றிய வீட்டில் தொங்கிய கதை இது! ஒரு சேவை தவறினால் மாற்றாக நிற்கட்டும் என்று செயற்கை நுண்ணறிவு தேரும் இரண்டாம் சேவை முதற்சேவையின் கூரைக்கடியிலேயே இருந்தால் அம்மாற்றினால் வரும் பயன் சிறிதே. கிடைக்கும் தன்மை என்று எழுதிய எண்ணுக்குள் இக்குடியிருப்புச் செய்தி இல்லை.

தத்தம் நலத்தை நாடுவோர் கூடிப் பொதுவைக் கெடுத்தலும் இங்கே உண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று யு.பி.ஐ. நாடெங்கும் பல மணி நேரம் தடுமாறிற்று. நிலுவையில் நின்ற பரிவர்த்தனைகளின் நிலை என்ன, நிலை என்ன என்று சில வங்கிகள் நடுவண் அமைப்பை ஓயாது வினவியதே அதற்குக் காரணமாக அறியப்பட்டது. தன் வாடிக்கையாளர்க்கு விரைந்து விடை சொல்ல முயன்ற வங்கியைத் தனித்து நோக்கின் பழிக்க முடியாது. அதன் தர அளவில் அது செய்தது சரியே. அனைவரும் அதனையே செய்தபோது விடை ஒருவர்க்கும் கிட்டவில்லை. பின்னர் ஒரு பரிவர்த்தனையின் நிலையை இரண்டு மணி நேரத்துக்குள் 3 முறைக்கு மேல் வினவலாகாது என்றும், வாடிக்கையாளர் தம் இருப்பை ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் பார்க்கலாகாது என்றும் கழகம் வரம்பு கட்டிற்று. மனிதர் எழுதிய எளிய நிரல்களுக்கே இந்நிலை. ஒரே தரவைக் கற்று, ஒரே சேவையைச் சிறந்ததென்று கண்டு, ஒரே நொடியில் அதன்மேற் பாயும் ஆயிரக்கணக்கான நுண்ணறிவுக் கோவையாளர்களை எண்ணிப் பார்க்கலாம். சிறந்தது என்று தேர்ந்த காரணத்தாலேயே அது சிறந்ததாக இராதொழியும்.

இனி அண்மைக்கால மாற்றத்துக்கு வருவோம். 2023 ஜூனில் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தன் மொழி மாதிரிகள் வெளிச் சேவைகளை அழைப்பதற்கு ஒரு முறையை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் அத்தகைய இணைப்புக்கு 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் பொதுநெறியைத் தந்தது. இப்போது எடை, வரம்பு, சமன்பாடு எவையும் வேண்டா. "வேலூருக்குக் குறைந்த செலவில் மருத்துவரிடம் சென்றுவர வழி செய்" என்று நாம் பேசும் மொழியிலேயே சொன்னாற் போதும், முன்பதிவும் பயணமும் பணமும் தாமே கோக்கப்படும் என்கின்றனர். எடையைக் கூறத் தெரியாத எளியோர்க்கு இது பெருவரம் என்னும் வாதத்தை நாம் மறுக்கவில்லை. வரம்தான். ஆயினும் எடை ஒழிந்துவிட்டதா? குறைந்த செலவுக்கும் பாதுகாப்புக்கும் இடையே எதனை முன்வைப்பது என்று அம்மாதிரியும் ஏதோ ஓரிடத்தில் முடிவு செய்கிறது. முன்னர்ச் சமன்பாட்டில் எழுதப்பட்டிருந்த எடையைத் தாளிலே கண்டு இது முறையன்று என்று வாதிட முடிந்தது. இன்று அது மாதிரியின் எண்ணற்ற எண்களுக்குள் கரைந்து கிடக்கிறது. வாதிடுதற்குத் தாள் இல்லை.

மேலும், மொழி மாதிரி பெரும்பாலும் சேவையின் விளக்கவுரையைப் படித்தே அதனைத் தேர்கிறது. விளக்கவுரையை எழுதுபவரோ அச்சேவையை வழங்குபவர். தம் சரக்கைத் தாமே புகழும் கடைப்பலகையை நம்பிக் கொள்முதல் செய்வதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிது. இந்நிலை முன்பும் இருந்ததுண்டு. ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், எஸ்.ஏ.பி. ஆகிய நிறுவனங்கள் நடத்திய சேவைகளின் பொதுப்பதிவேட்டில் எவரும் தம் சேவையைத் தாமே எழுதிப் பதியலாம். உலகத்துச் சேவைகளெல்லாம் அதில் ஏறும் என்று பேசப்பட்ட அப்பதிவேடு 2006 ஜனவரியில் மூடப்பட்டது. நம்பத்தக்க தரச்செய்தி அதில் இல்லாமை அதன் குறைகளுள் ஒன்று என்பது நம் கருத்து. அளந்து சொல்லும் மூன்றாமவர் ஒருவர் வேண்டும் என்னும் பாடத்தை இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் முழுதும் கற்றிலோம்.

பணம் நடுவழியில் நின்றபோது யாரைக் கேட்பது என்னும் வினாவுக்கு மீளுவோம். இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் இதற்கு விடை உண்டு. ஒருவர் கணக்கிற் பணம் கழிந்து மற்றவர் கணக்கிற் சேராதொழிந்தால் குறித்த கெடுவுக்குள் அது தானே திரும்புதல் வேண்டும். பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளர்க்கு 100 ரூபாய் இழப்பீடு சேர வேண்டும். அவர் முறையிட வேண்டும் என்பதும் இல்லை. இவ்விதியை நாம் பெரிதும் மதிக்கிறோம். எந்தக் கண்ணி தவறிற்று என்று கண்டுபிடிக்கும் சுமையை அது எளியவர் தலைமேல் ஏற்றவில்லை. கோவைக்கு வெளியே நிற்பவர்க்குக் கோவை முழுதும் ஒன்றே. உள்ளே யார் பிழை என்பது உள்ளிருப்போர் தீர்க்க வேண்டிய வழக்கு. தரத்தை வெறும் எண்ணாக நோக்காது கடமையாக நோக்கியமையால் வந்த விதி அது.

செயற்கை நுண்ணறிவு கோக்கும் கோவைகளுக்கு இத்தகைய விதி எங்கே? மருத்துவ முன்பதிவு தவறினால் மாதிரியை ஆக்கியவரா, செயலியை விற்றவரா, இடையில் மௌனமான சேவையா? ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுவர். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' 51ஆம் அதிகாரமாகவும் 'தெரிந்து வினையாடல்' 52ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. ஆளைத் தேர்ந்து தெளிதல் வேறு, தெளிந்தவரிடம் வினையை ஒப்படைத்து ஆளுதல் வேறு. இத்துறையின் ஆய்வாளர்கள் முதல் அதிகாரத்தை நன்கு பயின்று இரண்டாவதைத் தேர்வுக்குரிய பாடமன்று என்று விட்டுவிட்டனர் போலும்.

விதி செய்தல் அரசின் பணி என்றால், தமிழ்த்துறையின் பணி யாது? அது நம் கைக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளது. 2022 ஜூலையில் தொடங்கப்பட்ட 'பாஷிணி' என்னும் நடுவணரசின் மொழித் திட்டம் சேவைக்கோவைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் சேவை, எழுத்தை வேறு மொழிக்குப் பெயர்க்கும் சேவை, பெயர்த்ததைக் குரலாக்கும் சேவை ஆகிய மூன்றையும் அதன் வழியே கோத்துக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த 'ஏ.ஐ.ஃபார்பாரத்' குழுவினர் 2023இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி அட்டவணை மொழிகள் 22ஐயும் தழுவியது. பாராட்டுக்குரிய உழைப்பு. இக்கோவையில் முதற்கண்ணியின் பிழை அடுத்ததற்குச் செல்லும். அடுத்தது அப்பிழையையே பழுதின்றிப் பெயர்க்கும். மூன்றாவது அதனை இனிய குரலில் தயக்கமின்றி ஒலிக்கும். கடைசிக் கண்ணியின் அழகு முதற்கண்ணியின் குறையை மறைத்துவிடுகிறது. கேட்பவர்க்கு ஐயமும் எழாது.

முதற்கண்ணியின் தரத்தை உலகெங்கும் அளக்கும் கோல் 'சொற்பிழை வீதம்'. மாறிய சொல், விடுபட்ட சொல், கூடுதலாய்ச் சேர்ந்த சொல் ஆகியவற்றைக் கூட்டி மூலத்திலுள்ள சொற்களின் தொகையால் வகுப்பர். சொற்கள் தனித்தனியே நிற்கும் ஆங்கிலத்துக்கு இக்கோல் பெரிதும் பொருந்தும். தமிழுக்கோ? 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று மூலத்தில் ஒரு சொல்லாக எழுதியிருக்க, இயந்திரம் 'வந்து கொண்டிருக்கிறார்கள்' என்று இடம்விட்டு எழுதினால், மாறிய சொல் ஒன்று, சேர்ந்த சொல் ஒன்று என இரண்டு பிழைகள் ஏறும். ஒரு சொல்லுக்கு இரு பிழை, நூற்றுக்கு இருநூறு! பொருளிலோ அணுவளவும் பிழை இல்லை. மறுபுறம், நோயாளி ஒருவர் பேச்சு வழக்கில் "மாத்திரை சாப்பிடல" என்று கூறுவதை இயந்திரம் "மாத்திரை சாப்பிடலாம்" என்று எழுதிவிட்டால் ஏறும் பிழை ஒன்றே. சாப்பிடவில்லை என்றவரின் சொல் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் போய்ச் சேரும். கோலின்படி முதலது இருமடங்கு தவறு, இரண்டாவது அதிற் பாதி. இக்கோலால் அளந்த எண்ணைக் கையிற் பற்றிக்கொண்டு சிறந்த தமிழ்ச் சேவை இதுவே என்று கோவையாளர் தேர்ந்தால் அத்தேர்வு யாருக்குத் தரமாகும்?

புணர்ச்சியும் பகுபத உறுப்பும் எதிர்மறை விகுதியும் கற்பிக்கும் துறை எதுவோ அத்துறையே இக்கோலைத் திருத்தத் தகுந்தது. கணிப்பொறியியலார் இதனை அறியாமற் செய்தனர் என்று பழிப்பது நம் நோக்கமன்று. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நாம். வட்டார வழக்கின் நிலையும் இதுவே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீட்டில் வழங்கும் வாப்பா, உம்மா, ராத்தா என்னும் சொற்களையும், நெல்லையின் இழுப்பையும், கொங்கின் 'ங்க'வையும் எழுத்தாக்கும் சேவை எவ்வாறு எழுதுகிறது என்று இவ்வூர்களில் இருந்தே சோதித்தவர் எத்தனை பேர்?

நம் மாணவர்கள் பதினைந்து மாவட்டங்களினின்றும் வந்து பயில்கின்றனர். விடுமுறையில் வீடு செல்லும் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பெரியோர் பேச்சில், அவர்தம் இசைவு பெற்று, ஐம்பது தொடர்களைப் பதிந்து வந்தால் ஓராண்டில் பல்லாயிரம் தொடர்கள் சேரும். வங்கியிற் கேட்பது, மருத்துவரிடம் சொல்வது, நியாயவிலைக் கடையில் முறையிடுவது ஆகியவற்றையே முதலிற் கொள்ளலாம். ஆசிரியர்கள் அவற்றைத் திருத்தமாக எழுத்தாக்கி, இடம்விடும் பிழையைத் தனியாகவும் பொருள் தலைகீழாகும் பிழையைத் தனியாகவும் எண்ணுதற்கு இருவேறு கணக்குகள் வகுத்தல் வேண்டும். கணிப்பொறித் துறையின் துணையோடு இன்று கிடைக்கும் தமிழ்ப் பேச்சுச் சேவைகளை அவற்றின்மேல் ஓட்டிப் பார்த்து, சேவையின் பெயர், ஊரின் பெயர், நாள், இருவகைப் பிழையின் எண்ணிக்கை ஆகியவற்றை ஆண்டுதோறும் இம்மலரின் இறுதிப் பக்கங்களில் அட்டவணையாக வெளியிடலாம். பேசியோரின் பெயரை வெளியிட வேண்டுவதில்லை. செலவு மிகுதியன்று, ஒலிப்பதிவுக்கு மாணவர் கையிலிருக்கும் கைப்பேசியே போதும்.